24 முட்டைக்கு 9 குஞ்சு: இன்குபேட்டரில் எங்கே தவறு?

கொல்லைக்கோழி:

தெர்மாகோல் பெட்டியில் செய்த இன்குபேட்டரில் 24 நாட்டுக்கோழி முட்டை வைத்து 9 குஞ்சுதான் கிடைத்திருக்கிறது. அதே கூட்டத்துக் கோழி அடை உட்கார்ந்தால் 12 முட்டைக்கு 9 பொரிக்கிறது. எங்கே பிசகு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விவரம் முழுதும் தருகிறேன்.

பெட்டி 60 × 40 × 35 செ.மீ. இரண்டு 40 வாட் குண்டு பல்பு, டிஜிட்டல் தெர்மோஸ்டாட், காற்றாடி இல்லை. சென்சாரும் தெர்மோமீட்டரும் பக்கச் சுவரில், மூடிக்கு நாலு விரற்கடை கீழே. 37.5 டிகிரி செல்சியஸ் வைத்திருந்தேன். முதல் நாளிலிருந்தே அடியில் தட்டு நிறையத் தண்ணீர். ஈரப்பதம் 65–70% காட்டியது. நாளுக்கு 3 முறை கையால் திருப்பி, 18ஆம் நாள் நிறுத்தினேன்.

முட்டைகள் 14 நாளில் சேர்த்தவை, அறையில் சாதாரணமாக வைத்தவை. 18 பெட்டைக்கு ஒரு சேவல்.

10ஆம் நாள் டார்ச் அடித்தபோது 5 முட்டை வெறுமையாகத் தெரிந்தன, 3ல் சிவப்பு வளையம். எட்டையும் எடுத்துவிட்டேன். 21ஆம் நாள் ஓர் அசைவும் இல்லை. 22ஆம் நாள் இரவு முதல் குஞ்சு வந்தது, 23ஆம் நாள் மாலைக்குள் 9. மீதி 7ஐ உடைத்தால் எல்லாமே முழுதாக வளர்ந்த குஞ்சுகள். இரண்டு மட்டும் ஓட்டில் கொத்தியிருந்தன. மற்ற ஐந்திலும் உள்ளே நீர் கோத்திருந்தது, மஞ்சள் கரு வயிற்றுக்கு வெளியே இருந்தது. உயிரோடு வந்த ஒன்பதிலும் இரண்டுக்குக் கால்கள் இருபக்கமும் விரிந்து நிற்க முடியவில்லை.

தெர்மோஸ்டாட் கெட்டதா, முட்டை கெட்டதா?


முட்டைக்கணக்கு:

பொரியாததை உடைத்துப் பார்த்து, எண்ணியும் வைத்தீர்களே, அதனால்தான் பதில் சொல்ல முடிகிறது. பலர் அப்படியே குழியில் போட்டுவிட்டு வந்து கேட்பார்கள். முட்டை எந்த நாளில் நின்றுபோனது என்பதை வைத்துத்தான் காரணத்தைப் பிடிக்க வேண்டும். உங்களிடம் மூன்று விதச் சேதம் இருக்கிறது, மூன்றுக்கும் காரணம் வேறு.

வெறுமையாகத் தெரிந்த 5: பெரும்பாலும் கரு கூடாதவை. 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் என்பதுதான் சரியான அளவு. 18க்கு ஒன்று என்றால் சேவல் சில பெட்டைகளையே சுற்றிக்கொண்டிருக்கும். முதுகில் இறகு தேய்ந்த பெட்டைகளைப் பார்த்தாலே எவை என்று தெரியும். அடைக்கோழிக்கும் 12ல் 3 போகிறது என்கிறீர்கள். உங்கள் வெறும் முட்டைக் கணக்கும் ஏறக்குறைய அதே விகிதம்தான். இதற்கு இன்குபேட்டரைக் குறை சொல்லாதீர்கள். அடுத்த முறை வைப்பதற்கு முன், சமையலுக்கு எடுக்கும் முட்டைகளில் ஐந்தாறைத் தட்டில் உடைத்து மஞ்சள் கருவின் மேலுள்ள வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். கரு கூடாததில் அது சிறிதாக, ஓரம் ஒழுங்கில்லாமல், அடர்ந்த ஒரே பொட்டாக இருக்கும். கூடியதில் சற்றுப் பெரிதாக, வட்டத்துக்குள் வட்டமாக, மோதிரம்போல் தெரியும். ஆறில் ஐந்து மோதிரமாக இருந்தால் தைரியமாக வைக்கலாம். சேவலை மாற்றினால் இரண்டு வாரமாவது பொறுங்கள். அதுவரை வரும் முட்டைகளில் பழைய சேவலின் கருவும் கலந்திருக்கும்.

சிவப்பு வளையம் 3: கரு உண்டாகி, முதல் வாரத்தில் இறந்து, இரத்த நாளங்கள் ஓரமாக ஒதுங்கி வளையமானவை. 14 நாள் சேர்த்து வைத்ததே இதற்குப் போதுமான காரணம். 7 நாள் வரை பெரிய சேதம் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறையும், பொரிக்கும் நேரமும் சற்றுத் தள்ளிப்போகும். வைக்கும் இடம் 15 முதல் 18 டிகிரி, ஈரப்பதம் 75% அளவில், கூர்முனை கீழே. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரி கருவுக்கு ஆகாது. வெயில் நாளின் அறையும் ஆகாது: 27, 28 டிகிரியில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, அடைக்குப் போகும் முன்பே சோர்ந்துவிடும். குளிர்ந்த இடம் கிடைக்காவிட்டால் 4, 5 நாள் முட்டையோடு நிறுத்திக்கொள்வது மேல். 24 இடம் இருக்கிறது என்பதற்காக 24ஐ நிரப்பக் காத்திருப்பதில்தான் நல்ல முட்டைகள் வீணாகின்றன.

இனி அந்த 7. உண்மையான இழப்பு இதுதான். 18 நாள் வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள் செத்ததற்கு உங்கள் விவரத்திலேயே இரண்டு காரணம் இருக்கிறது.

முதலாவது, சூடு அளந்த உயரம். 37.5 என்பது காற்றாடி உள்ள பெட்டிக்கான கணக்கு. காற்றாடி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே தங்கும். மூடியருகிலும் முட்டை இருக்கும் மட்டத்திலும் ஒரே சூடு இருக்காது. அதனால் காற்றாடி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்முதுகு மட்டத்தில் 38.3 முதல் 38.9 வைக்க வேண்டும். நீங்கள் மூடியருகே 37.5 வைத்தீர்கள். அப்படியானால் முட்டைக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. 22ஆம் நாள் இரவு முதல் குஞ்சு வந்ததே அதற்குச் சாட்சி. சூடு குறைந்தால் குஞ்சு தாமதமாக வரும், வயிறு பெருத்து மெதுவாக இருக்கும், மஞ்சள் கரு உள்ளே போய்ச் சேராது, கால் பலவீனமாகும். சூடு கூடினால் நேர்மாறு: 19, 20ஆம் நாளிலேயே வரும், உடம்பு சிறுத்து, தொப்புள் மூடாமல் இரத்தக் கசிவோடு இருக்கும்.

இரண்டாவது, ஈரப்பதம். 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13% நீரை ஓட்டு வழியாக இழந்தாக வேண்டும். இழந்த அந்த இடம்தான் அகன்ற முனையில் காற்றறையாகப் பெருகுகிறது. குஞ்சு நுரையீரலால் முதல் மூச்சு இழுப்பது அந்தக் காற்றறையில்தான். முதல் நாளிலிருந்தே 65–70% வைத்ததால் நீர் வெளியேறவில்லை, காற்றறை சிறுத்துவிட்டது. குஞ்சுக்குத் திரும்பவும் கொத்தவும் இடமில்லை. உள்ளே நீர் கோத்திருந்தது என்றீர்களே, அது இதுதான். முதல் 18 நாள் 45–50%, கடைசி மூன்று நாள் மட்டும் 65–70%.

மீட்டரை நம்பி ஏமாறாமல் இருக்க எடை போடுங்கள். வைக்கும் அன்று ஒவ்வொரு முட்டையின் எடையையும் பென்சிலால் ஓட்டிலேயே எழுதுங்கள், பேனா மை வேண்டாம். 45 கிராம் முட்டை 7ஆம் நாள் 43 கிராம் அளவிலும், 14ஆம் நாள் 41 கிராம் அளவிலும், 18ஆம் நாள் 39.5 முதல் 40 கிராம் வரையிலும் இருக்க வேண்டும். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு என்றால் தனித்தனியாகப் போடாமல் பத்து முட்டையை ஒன்றாக வைத்து நிறுத்தால் பிழை குறையும்: 450 கிராம் 18ஆம் நாள் 396 அளவுக்கு வர வேண்டும். நடுவில் கெட்ட முட்டையை எடுத்தால் அதன் தொடக்க எடையையும் மொத்தத்தில் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். 7ஆம் நாள் எடை போதிய அளவு குறையவில்லை என்றால் தண்ணீர்த் தட்டை எடுத்துவிடுங்கள். வேகமாகக் குறைந்திருந்தால் இன்னொரு தட்டு வையுங்கள். 18ஆம் நாள் டார்ச் அடித்தால் காற்றறை முட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தெரிய வேண்டும்.

நாள் கணக்கையும் சரிபாருங்கள். வைத்த அன்று பூஜ்யம், 24 மணி நேரம் முடிந்தால்தான் ஒன்று. ஞாயிறு மாலை வைத்தால் மூன்றாம் வாரம் அதே ஞாயிறு மாலை 21 நாள் முடிகிறது. வைத்த அன்றையே 1 என்று எண்ணினால் ஒரு நாள் முன்னதாகவே திருப்புவதை நிறுத்திவிடுவோம், பொரிக்கவில்லையே என்று ஒரு நாள் வீணாகப் பதறுவோம்.


சூடும்ஈரமும்:

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. பெட்டியைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் காற்றாடி இல்லாமல் 24 முட்டைக்குச் சமச்சூடு கொடுப்பது கஷ்டம். ஓரத்து முட்டைக்கும் நடு முட்டைக்கும் வித்தியாசம் வந்துகொண்டே இருக்கும். பழைய கணினியின் 12 வோல்ட் காற்றாடி ஒன்று போதும். பல்பின் பக்கம் காற்று போய் மூடி வழியாகச் சுற்றிவரும்படி பொருத்துங்கள். முட்டைமேல் நேராக வீச வேண்டாம், அந்தப் பக்கம் மட்டும் காய்ந்துவிடும். காற்றாடி வைத்த அன்றே 38.5லிருந்து 37.5க்கு இறக்கிவிட வேண்டும். இதை மறந்தால் மூன்று வார உழைப்பும் போகும்.

சென்சாரைச் சுவரிலிருந்து கழற்றி, முட்டைகளுக்கு நடுவே, முட்டையின் மேல்மட்டத்தில் தொங்கவிடுங்கள். பல்பு வெளிச்சம் அதன்மேல் நேராகப் படக்கூடாது. இடையில் ஒரு தகரத் தடுப்பு போதும். டபிள்யூ 1209 வகைத் தெர்மோஸ்டாட் என்றால் இரண்டு அமைப்பை முதலில் பாருங்கள். பி0 குளிரூட்டும் நிலையில் வரும், அதைச் சூடேற்றும் நிலைக்கு மாற்ற வேண்டும். பி1 என்பது அணைந்து மறுபடி எரிவதற்கு இடையிலுள்ள வித்தியாசம். தொழிற்சாலையிலிருந்து 2 டிகிரியாக வரும். 37.5ல் அணைந்து 35.5ல் எரியும் பெட்டி அடைக்கு உதவாது. 0.2 அல்லது 0.3 வையுங்கள். சென்சார் தவறாகக் காட்டினால் பி4ல் அந்த அளவைக் கூட்டியோ குறைத்தோ திருத்தலாம்.

தவறாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்? காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டரும் சென்சாரும் ஒரே குவளை வெதுவெதுப்பான தண்ணீரில், 38 டிகிரி அருகில். இரண்டும் 0.2க்குள் ஒத்துப்போக வேண்டும். ஈரமானிக்கு உப்புச் சோதனை: ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரமாக மட்டும் ஆகும் அளவு தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து இறுக்கமான பையிலோ டப்பாவிலோ 12 மணி நேரம் வையுங்கள். 75% காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் 7 குறைத்துச் சொல்கிறது. மலிவான ஈரமானிகளில் 10 வரை வித்தியாசம் சாதாரணம். உங்கள் 65–70 நிஜத்தில் 75ஆகவும் இருந்திருக்கலாம்.

தண்ணீர்த் தட்டைப் பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம். ஈரப்பதத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம் அல்ல, காற்றுபடும் பரப்பு. ஆழமான கிண்ணத்தை நிரப்பினாலும் பாதி வைத்தாலும் ஈரம் ஒன்றுதான். கூட்ட வேண்டுமானால் அகலமான தட்டு, அல்லது அதில் நிற்கும் ஸ்பாஞ்சு. 18ஆம் நாளுக்கு மேல் தட்டின்மேல் வலை போட்டு மூடுங்கள், குஞ்சு விழுந்து மூழ்கும்.

காற்றுத் துளையை அடைக்காதீர்கள். கீழ்ப்பக்கம் நாலு, மேலே நாலு, 12 மி.மீ. துளைகள். முதல் வாரம் பாதி மூடியிருந்தாலும் பரவாயில்லை. கடைசி வாரம் கரு மூச்சுவிடும் அளவு பலமடங்கு, அப்போது எல்லாம் திறந்திருக்க வேண்டும். ஈரம் குறைகிறதே என்று கடைசி மூன்று நாள் துளையை அடைத்து முழுக் குஞ்சைத் திணறடிப்பது மிகப் பரவலான தவறு. ஈரம் குறைந்தால் பரப்பைக் கூட்டுங்கள், துளையைத் தொடாதீர்கள்.

மின்சாரம் போனால் கலங்க வேண்டாம். கருவுக்குக் குளிர்ச்சியைவிட அதிகச் சூடுதான் எமன்: சில மணி நேரம் குளிர்ந்து மீளும், 40 தாண்டி அதே நேரம் இருந்தால் மீளாது. மூடியைத் திறக்காமல் பெட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள். இரண்டாம் வாரத்துக்குப் பின் முட்டைகளே சூட்டை உண்டாக்கும், அதனால் கடைசி நாட்களில் போர்த்தினாலும் மேல் துளைகள் வெளியே தெரியட்டும். 3, 4 மணி நேரத் தடைக்கு அநேகமாகப் பொரிப்பு சில மணி நேரம் தள்ளிப்போவதோடு முடிந்துவிடும். இரண்டு 40 வாட்டை நாலு 25 வாட்டாக மாற்றினால் ஒரு பல்பு போனாலும் பெட்டி ஆறாது, சூடும் பரவலாக இருக்கும்.


கொல்லைக்கோழி:

இருவருக்கும் நன்றி. உப்புச் சோதனை செய்தேன், மீட்டர் 67 காட்டுகிறது. ஆக நிஜ ஈரப்பதம் 73–78% அளவில் இருந்திருக்கிறது. சென்சாரை முட்டை மட்டத்துக்கு இறக்கியதும் மூடியருகிலிருந்ததைவிட 1.8 டிகிரி குறைவாகக் காட்டுகிறது.

இன்னும் மூன்று சந்தேகம். கொத்திவிட்டு வெளியே வர முடியாமல் செத்த இரண்டை நாம் உடைத்து உதவியிருக்கலாமா? ஒரு கோழி இப்போது அடைக்கு வந்திருக்கிறது, அதையும் சேர்த்துப் பயன்படுத்த வழி உண்டா? கால் விரிந்த இரண்டு குஞ்சுக்கு என்ன செய்வது?


முட்டைக்கணக்கு:

உதவுவது பற்றி: பெரும்பாலும் வேண்டாம். குஞ்சு முதலில் உள்சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் மூக்கை நீட்டும். அதன்பின் பல மணி நேரம் கழித்துத்தான் ஓட்டில் முதல் கொத்து. அதற்குப் பின்பும் 12 முதல் 24 மணி நேரம் சும்மா கிடக்கும். சோர்ந்துவிட்டதோ என்று நமக்குப் பதைக்கும். அந்த நேரத்தில்தான் சவ்விலுள்ள இரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது, மஞ்சள் கரு வயிற்றுக்குள் ஏறுகிறது. அப்போது ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து இறந்துவிடும். பிறகு அதுவே ஓட்டைச் சுற்றிவரக் கொத்தி, தொப்பியைத் தள்ளுவதுபோல் தள்ளி வெளியே வரும்.

கொத்தி 24 மணி நேரம் கடந்தும் முன்னேற்றம் இல்லை, சவ்வு வெள்ளையாகக் காய்ந்து காகிதம்போல் ஆகியிருக்கிறது, உள்ளே சத்தம் கேட்கிறது என்றால் மட்டும் கை வையுங்கள். அகன்ற முனையில் காற்றறைக்கு மேலுள்ள ஓட்டை மட்டும் சிறிது சிறிதாக எடுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்குங்கள். ஒரு சொட்டு இரத்தம் தெரிந்தாலும் நிறுத்திவிட்டுப் பெட்டிக்குள் வைத்து ஆறு மணி நேரம் விடுங்கள். கீழ்ப்பாதியை எப்போதும் குஞ்சே உதறட்டும்.

அந்த இரண்டும் ஏன் செத்தன என்பதற்கு இன்னொரு வாய்ப்பு: முதல் குஞ்சு வந்ததும் மூடியைத் திறந்து எடுத்தீர்களா? ஒருமுறை திறந்தால் ஈரம் சட்டென்று விழும், கொத்திய முட்டைகளின் சவ்வு அதற்குள் குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். வந்த குஞ்சு மஞ்சள் கருவின் சத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். தீனி, தண்ணீர் அவசரம் இல்லை. கடைசிக் குஞ்சு வரும்வரை, அல்லது முதல் குஞ்சு வந்து 24 மணி நேரம் வரை, மூடியைத் தொடாமல் இருப்பதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.


அடைக்கூடை:

அடைக்கு வந்த கோழி கையில் இருக்கும்போது இன்குபேட்டரை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? இரண்டையும் சேர்க்கலாம்.

முதலில் உண்மையாகவே அடைதானா என்று பாருங்கள். பகலில் கூட்டில் உட்காருவது கணக்கில்லை. இரவிலும் கூட்டைவிட்டு ஏறாமல் இரண்டு, மூன்று இரவு இருக்க வேண்டும். கை நீட்டினால் இறகைச் சிலுப்பிக் குறுகும், அடிவயிற்றில் இறகு உதிர்ந்து தோல் சூடாகத் தெரியும், நாளுக்கு ஒரே முறை பெரிய எச்சம் போடும். அப்படியானால் சரி.

இடம் மாற்றுவதாக இருந்தால் இருட்டில்தான் மாற்ற வேண்டும். பகலில் மாற்றினால் பழைய கூட்டுக்கே ஓடும். புது இடத்தில் இரண்டு நாள் சமையல் முட்டைகளை வைத்துப் பழக்கிவிட்டு, நிலைத்த பிறகு நல்ல முட்டைகளை ஒரே மாலையில் மொத்தமாக வையுங்கள். சிறிய கோழிக்கு 10, பெரியதற்கு 12. இறகுக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் அது அதிகம். கோழி முட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் இன்று ஒன்று நாளை ஒன்று என எல்லாமே முறைவைத்துக் குளிர்ந்துபோகும்.

கூடையின் அடியில் மணலோ மண்ணோ பரப்பி நடுவில் லேசாகக் குழித்து மேலே வைக்கோல். ஆழமாகக் குழித்தால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடையும், தட்டையாக இருந்தால் உருண்டு வெளியே போகும். முட்டைகளில் பென்சில் கோடு போட்டு வையுங்கள். வேறு கோழிகள் வந்து இட்டுவிட்டுப் போகும், கோடில்லாததை அன்றன்றே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 21ஆம் நாள் பாதி பொரித்து, பாதி நடுவில் நிற்கும். தாய் இரண்டு நாளில் குஞ்சோடு எழுந்துவிடும், மீதி வீண்.

அடை வைக்கும் முன் கோழிப்பேன் பாருங்கள். இறக்கைக்கு அடியிலும் எச்சத்துளையைச் சுற்றியும் இறகை விலக்கினால் தெரியும். அடை பாதியில் எழுந்துபோவதற்குப் பேனும் சிவப்பு உண்ணியும் முக்கியக் காரணம். உண்ணி பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து இரவில்தான் ஏறும், அதனால் இரவில் டார்ச்சோடு கூடையின் அடியைப் பாருங்கள். மருந்து தூவுவதாக இருந்தால் முட்டை வைப்பதற்கு முன்பே.

முழுத் தானியமும் தண்ணீரும் இரண்டடி தள்ளி வையுங்கள். நாளுக்கு 15, 20 நிமிடம் எழுந்து தின்று, எச்சம் போட்டு, மண்ணில் புரண்டு வரும். அதை விரட்டி உட்கார வைக்காதீர்கள், அந்த இடைவெளியை முட்டை தாங்கும். எழவே எழாத கோழி இருந்தால்தான் கவலை. ஓரிரு நாளுக்கு ஒருமுறை தூக்கித் தீனியருகே விடுங்கள். தூக்கும்போது இறக்கைக்குள் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் தூக்குங்கள்.

சேர்த்துப் பயன்படுத்தும் வழி இதுதான்: கோழிக்கு 10, இன்குபேட்டருக்கு மீதி, ஒரே நாள், ஒரே மணி. 7ஆம் நாளும் 14ஆம் நாளும் டார்ச் அடித்து, கோழிக்கடியில் காலியான இடத்தை இன்குபேட்டரின் உயிருள்ள முட்டையால் நிரப்பலாம். பொரித்தபின், இன்குபேட்டர் குஞ்சுகளை இருட்டியதும் ஒவ்வொன்றாகத் தாயின் இறக்கைக்கடியில் நுழைத்துவிடுங்கள். பிறந்து ஒன்று, இரண்டு நாளுக்குள் செய்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். தாயோடு மொத்தம் 15க்கு மேல் வேண்டாம், இறக்கை போதாது. விடிந்ததும் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள்; கொத்தினால் உடனே பிரித்து விளக்கடிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.


உமிமெத்தை:

கால் விரிந்த குஞ்சுக்கு நேரம் முக்கியம். முதல் இரண்டு நாளுக்குள் கட்டினால் சரியாகிவிடும், ஒரு வாரம் போனால் கடினம். ஒட்டும் பேண்டேஜை 5 மி.மீ. அகலத்தில் வெட்டி, இரண்டு கணுக்காலையும் எட்டு வடிவத்தில் இணையுங்கள். நடுவில் இயல்பாக நிற்கும் இடைவெளி, சுமார் இரண்டரை செ.மீ., இருக்கட்டும். இறுக்கினால் பாதம் வீங்கும், நாளுக்கு இருமுறை பாருங்கள். மூன்று, நாலு நாளில் கழற்றிவிடலாம். தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழவழப்பான செய்தித்தாள் விரித்த பெட்டியில் இந்தக் குறை வந்துகொண்டேதான் இருக்கும். இன்குபேட்டர் தட்டிலும் 18ஆம் நாளே வலைத்துணி விரியுங்கள். முதல் மணி நேரங்களில் வழுக்குவதுதான் காலைக் கெடுக்கிறது.

விளக்கடி வளர்ப்புக்கு வட்டமான அடைப்பு செய்யுங்கள். மூலை இருந்தால் குளிரிலோ பயத்திலோ எல்லாம் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியிலுள்ளவை நசுங்கும். 20 குஞ்சுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடிய குறுக்களவு முதல் சில வாரத்துக்குப் போதும். உமியோ மரச்சீவலோ 5 செ.மீ.; நுண்ணிய மரத்தூள் வேண்டாம், தீனி என்று தின்றுவிடும். முதல் வாரம் விளக்கடியில் குஞ்சு மட்டத்தில் 33 முதல் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைத்துக்கொண்டு வாருங்கள். இறகு முழுதாக முளைத்து வெளிச்சூடும் ஒத்துவந்தால் விளக்கு தேவையில்லை.

தெர்மோமீட்டரைவிடக் குஞ்சுகளைப் பாருங்கள். விளக்கடியில் ஒட்டிக் குவிந்து உரக்கக் கத்தினால் குளிர், விளக்கை இறக்குங்கள். ஓரமாக விலகி வாயைப் பிளந்து இறக்கையைத் தொங்கவிட்டால் சூடு, உயர்த்துங்கள். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தால் சரியான சூடு. குண்டு பல்பு 60 வாட் இரண்டு, தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் தொடங்குங்கள். எல்.ஈ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. விளக்கை மின்கம்பியால் மட்டும் தொங்கவிடாமல் ஒரு சங்கிலியாலும் கட்டுங்கள். உமிமேல் பல்பு விழுந்தால் தீப்பிடிக்கும்.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்பி, கல் இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். கொண்டுவந்ததும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிடுங்கள், தீனி அதற்குப் பின். 20% புரதமுள்ள குஞ்சுத்தீனி முதல் 8 வாரம். பெரிய கோழிகளின் முட்டைத்தீனியைக் குஞ்சுக்குப் போடவே கூடாது. அதில் 3.5 முதல் 4% கால்சியம் இருக்கும், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. கொல்லையில் எல்லாம் ஒன்றாக மேயும்போது இந்தத் தவறு தெரியாமலே நடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் எல்லோருக்கும் வளர்தீனியைப் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதை அங்கே எடுத்துக்கொள்ளும்.

பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டால் இழுத்துப் பிய்க்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுத்துத் துடைத்துவிடுங்கள். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் செத்துவிடும்.

3 முதல் 6 வாரத்தில் ஆபத்து இரத்தக்கழிச்சல். இறகு சிலிர்த்து, கூனி, கண்மூடி நிற்கும், எச்சத்தில் இரத்தம். ஈர உமியில்தான் அந்தக் கிருமி பெருகும், ஆகவே தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் அள்ளி மாற்றுவதே பாதி வைத்தியம். மருந்து ஆம்புரோலியம், குடிநீரில், அட்டையில் உள்ள அளவுப்படி. அது கொடுக்கும் நாட்களில் பி வைட்டமின் கலவை கொடுக்காதீர்கள். அந்த மருந்து வேலை செய்வதே தயமின் என்ற பி1 வைட்டமினைக் கிருமி எடுத்துக்கொள்ளவிடாமல் தடுத்துத்தான். சத்துக்கு என்று வைட்டமினையும் சேர்த்துக் கலந்தால் மருந்து பயனற்றுப்போகும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே. 5 முதல் 7 நாளுக்குள் லசோட்டா வகையில் ஒரு சொட்டு கண்ணில், நாலாவது வாரம் மறுபடி. குப்பியைக் குளிரிலேயே, 2 முதல் 8 டிகிரியில், கொண்டுவர வேண்டும். கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதியை நாளைக்கு என்று வைக்கக்கூடாது. சோர்ந்திருக்கும் குஞ்சுக்குப் போடாதீர்கள்.


சூடும்ஈரமும்:

ஒன்று விட்டுப்போயிற்று. அடுத்த முறை வைக்கும் முன் பெட்டியைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, மூடியைத் திறந்துவைத்து முழுக்கக் காயவிடுங்கள். குஞ்சின் பொடி இறகும் ஓட்டுச் சவ்வும் காற்றாடிக்குள் ஒட்டியிருக்கும், அதையும் எடுங்கள். அழுக்கு முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி வைக்காதீர்கள். உள்ளிருப்பது சுருங்கும்போது ஓட்டுத் துளை வழியாக அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்த முட்டைதான் இரண்டாம் வாரம் நாற்றமெடுத்து வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும். லேசான மண் என்றால் உலர்ந்த துணியால் துடையுங்கள், எச்சம் அப்பியதை அடைக்கே எடுக்காதீர்கள்.

பெட்டியை முட்டையில்லாமல் 24 மணி நேரம் ஓட்டி, முட்டை மட்டத்தில் நாலு மூலையிலும் நடுவிலும் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து இடமும் அரை டிகிரிக்குள் வந்த பிறகு முட்டை வையுங்கள்.